யூரித்தேன் பந்து வாங்குவது பற்றி

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்த அன்று வீட்டில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தோம். அம்மாவின் பெரிய பானை இன்னும் இருக்கிறது. கிளறுவது மட்டும் இப்போது என் மகளின் வேலை. எல்லோரும் குடித்து முடித்த பிறகு திண்ணையில் உட்கார்ந்து நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். முழங்கால் தேறிவிட்டது என்ற வரியில் கண் கலங்கிவிட்டது. இனி ஜோஹன்னஸ்பர்க் பக்கத்து லெனேசியாவில் தனியாக ஏங்கிக்கொண்டிருக்காதே, பந்தை உருட்டிப் பத்துப் பின்களை (கட்டைகளை) வீழ்த்தும் நம் பௌலிங்கை மறுபடியும் ஆடு. யூரித்தேன் என்ற பிளாஸ்டிக் வகைப் பந்து வாங்கலாமா என்பதற்குத்தான் இந்தப் பதில்.

உன் பந்து நேராகப் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் பாம்பு திரும்புவதுபோல் வெடுக்கென்று திரும்பிவிடுகிறது என்கிறாய். குறை உன் கையில் இல்லை. 60 அடிப் பாதையில் பொதுவாக முதல் 40 அடி வரைதான் எண்ணெய் பூசுகிறார்கள். மீதி காய்ந்த பலகை. நீ வைத்திருப்பது ரியாக்டிவ் ரெசின் பந்து, அதாவது நுண்துளை மேற்பரப்பு உள்ள இன்னொரு பிளாஸ்டிக் வகை. அது எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போகும், காய்ந்த இடத்தைத் தொட்டதும் கடித்துத் திரும்பும். எண்ணெய் சரியாகப் பூசாத அரங்கில் அந்தத் திருப்பம் எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. யூரித்தேன் அப்படியில்லை. அது முன்னதாகவே பாதையைப் பற்றிக்கொண்டு, வில்லைப்போல் ஒரே சீராக வளைந்து வரும். பாதையின் அகலத்தில் வரிசையாக உள்ள 39 பலகைகளில் எதன்மேல் போகும் என்பதை ஓரளவு முன்பே அறியலாம். உனக்கு அதுதான் வேண்டும் என்பது என் தீர்மானமான கருத்து.

1980களின் தொடக்கத்தில் யூரித்தேன் வந்தது. பத்தாண்டு கழித்து ரெசின் வந்ததும், இனி யூரித்தேனுக்கு வேலையில்லை என்று பலர் ஒதுக்கிவிட்டார்கள். இன்று தொழில்முறை ஆட்டக்காரர்களின் பைகளில் அது மறுபடியும் இருக்கிறது. எண்ணெய் குறைவாகப் பூசிய பாதையிலும், பலர் ஆடி எண்ணெய் தேய்ந்துபோன பாதையிலும் அதன் அடக்கமான வளைவு உதவுகிறது.

ஆனால் ஒரு விஷயத்தை மறைக்க மாட்டேன். ரெசின் எண்ணெயைக் குடிக்கும்; யூரித்தேன் அதிகம் குடிக்காது. தன்மேல் ஒட்டிய எண்ணெயைப் பாதையின் கடைசிவரை இழுத்துக்கொண்டு போய்ப் பூசிவிடும். முதல் ஆட்டத்தில் அழகாக வளைந்த பந்து மூன்றாம் ஆட்டத்தில் சோம்பி, வலது பக்கமே நின்றுவிடும். வலது ஓரத்து மூலையில் உள்ள பத்தாம் பின் அசையாமல் நிற்கும். அப்போது வேகத்தைக் கூட்டி மல்லுக்கு நிற்காதே. பந்து எந்தப் பக்கம் தவறுகிறதோ அந்தப் பக்கமே கால்களை ஓரிரு பலகை நகர்த்து. அதே பாதையில் ரெசின் பந்து போடுகிறவர்களுக்கும் இதனால் தொல்லை உண்டு. எங்கள் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் ஒரு பெரியவர் இதற்காக என்னிடம் வருத்தப்பட்டார். அவர் சொன்னது நியாயம் என்பதால் இப்போது மூன்றாம் ஆட்டத்தில் பந்தை மாற்றிக்கொள்கிறேன். ஒற்றைப் பின் ஸ்பேருக்கு, அதாவது மிஞ்சி நிற்கும் ஒரு பின்னை இரண்டாவது வீச்சில் வீழ்த்த, பழைய பாலியெஸ்டர் பிளாஸ்டிக் பந்தே போதும். அது நேராகப் போகும்.

எடை? 16 பவுண்டுதான் உச்ச வரம்பு, அதைத் தூக்குவதில் பெருமை ஒன்றுமில்லை. அறுவை செய்த முழங்காலுக்கு 14 போதும் என்று நினைக்கிறேன், உன் மருத்துவரையும் கேள். அதைவிடப் பெரிய விஷயம் விரல் நுழைக்கும் துளைகள். என் முதல் பந்துக்கு ஒரு கடையில் கை அளவை அவசரமாக எடுத்தார்கள். கட்டைவிரல் துளை இறுகலாக அமைந்துவிட்டது. டர்பன் புழுக்கத்தில் விரல் வீங்கி, பந்தை விடும் நேரம் தவறி, ஒரு வருடம் மணிக்கட்டு வலியோடு ஆடினேன். துளையை அடைத்து மறுபடி போட்ட பிறகுதான் ஆட்டம் திரும்பியது. அதனால் பந்தின் நிறத்தைப் பார்த்து மயங்கும் முன், பொறுமையாக அளவெடுக்கும் ஆளைத் தேடு.

மேற்பரப்பை மினுக்க வேண்டாம். 1000 எண் உப்புத்தாள் வட்டால் தேய்த்த மங்கலான பந்து சீக்கிரம் பிடிக்கும். 4000 வரை தேய்த்தால் இன்னும் கொஞ்ச தூரம் வழுக்கிப் போகும். ஒவ்வொரு ஆட்டத்துக்கும் நடுவில் துடை. உங்கள் ஹைவெல்ட் மேட்டுநிலக் குளிரில் இரவு முழுவதும் காரின் பின்பெட்டியில் விட்டுவிடாதே, விரிசல் விழும். ஏதோ திரவத்தில் ஊறவைத்து மிருதுவாக்கினால் நன்றாகப் பிடிக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் கேட்காதே. 1973ல் அமெரிக்காவில் டான் மெக்யூன் என்ற தொழில்முறை ஆட்டக்காரர் பாலியெஸ்டர் பந்தைக் கரைப்பானில் ஊறவைத்து ஒரே பருவத்தில் ஆறு பட்டங்கள் வென்றார். அதன் பிறகுதான் பந்தின் கடினத்தன்மைக்கு விதி வந்தது. உடம்புக்குக் கேடு, பந்துக்கும் கேடு.

தைப்பூசக் காவடிக்கு நீ வருவதாக அண்ணி என் மனைவியிடம் சொன்னாராம். பந்தைத் துளையில்லாமலே வாங்கிக் கொண்டு வா. இங்கே நிதானமாக வேலை செய்யும் ஒருவர் இருக்கிறார், அவரிடம் ஒரு நாள் காலையை உனக்காகக் கேட்டு வைக்கிறேன். வரும் முன் இரண்டு நாள் கட்டைவிரல் நகத்தை வெட்டாதே. அவர் அதையும் பார்த்துத்தான் அளவெடுப்பார்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்