நகரச்சிவன் கோயில் ஊருணித் திருப்பணி: நிறைவு அறிக்கை

ஊர் நகரத்தார் பெருமக்களுக்கும் ஆச்சிமார்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

ஊருணிக்குத் தண்ணீர் வந்துவிட்டது. கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள் இரவு பெய்த மழையில், வடக்கு வரத்துக்கால் வழியாக இறங்கிய தண்ணீர் விடிவதற்குள் கீழிருந்து பதினோராம் படியைத் தொட்டிருந்தது. வேலை ஆவணியிலேயே முடிந்தது. கணக்கும் புரட்டாசியில் தணிக்கையாகிவிட்டது. ஆனாலும் தண்ணீர் வராத ஊருணிக்கு நிறைவு அறிக்கை எழுத எனக்குக் கை வரவில்லை. தாமதத்துக்கு அதுதான் காரணம். “அறிக்கை எங்கே?” என்று வாரம் தவறாமல் தொலைபேசியில் கேட்ட சென்னைப் புள்ளிகள் (நம் கணக்கில் ஒரு தம்பதி ஒரு புள்ளி) பொறுத்தருள வேண்டும்.

முதலில் பணம். 2024 சித்திரையில் கூடிய ஊர்க்கூட்டத்தில் புள்ளிக்கு 10,000 ரூபாய், துணையை இழந்தவர்களான அரைப்புள்ளிக்கு 5,000 ரூபாய் என்று வரி போட்டோம். மதிப்பீடு 34 லட்சம். முடிந்தபோது நின்ற கணக்கு இது:

வரவு: புள்ளி வரி (177 புள்ளி) 17,70,000, அரைப்புள்ளி (22) 1,10,000, நன்கொடை 21,45,000, வங்கி வட்டி 38,400. ஆக 40,63,400 ரூபாய்.

செலவு: கருவேலம் வெட்டித் தூர் வாரியது 6,20,000, படித்துறையும் சுற்றுச்சுவரும் 22,75,000, வரத்துக்கால், மடை, வண்டல் தொட்டி 5,40,000, நகரத்தாரின் பொது விடுதியான நகர விடுதியின் பின்சுவர் இடித்துக் கட்டியது 1,85,000, நில அளவை, ஆவணம், தணிக்கை 64,000, பூசையும் திறப்பு நாள் சாப்பாடும் 1,48,000. ஆக 38,32,000 ரூபாய்.

கையிருப்பு 2,31,400 ரூபாய், பராமரிப்புக்கென்று வங்கியில் வைப்பாக இருக்கிறது. மொத்தம் 186 புள்ளியில் ஒன்பது புள்ளிகளின் வரி இன்னும் வரவில்லை. பெயர் போடவில்லை, அவர்களுக்குத் தெரியும்.

சாப்பாட்டுச் செலவைப் பார்த்துப் புருவம் உயர்த்துபவர்கள் இருப்பார்கள். தூர் வாரிய ஆட்கள், கொத்தனார்கள், சுண்ணாம்பு அரைத்த பெண்கள் அனைவரும் குடும்பத்தோடு பந்தியில் உட்கார்ந்தார்கள். அந்தச் செலவுக்குக் குழு வருத்தப்படவில்லை.

அரைப்புள்ளி வரியில் ஒரு திருத்தம் உண்டு. மேலத்தெரு ஆச்சி ஒருவர் 5,000 என்று எழுதிய ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “என் புள்ளியில் பாதி போய்விட்டது, சரி. நான் எடுக்கிற தண்ணீரில் பாதி போகவில்லையே” என்று முழுப் பணமும் கட்டினார். கணக்கு முறைப்படி கூடுதல் 5,000 நன்கொடையில் சேர்ந்திருக்கிறது. அந்த ஆச்சிக்கு இது பிடிக்காது. ஆனால் தணிக்கையாளர் விடவில்லை.

திரும்பிப் போன பணமும் ஒன்று உண்டு. மலேசியக் குடியுரிமை பெற்ற நம் ஊர்க்காரர் ஒருவர் பெருந்தொகை அனுப்ப முன்வந்தார். இந்தியக் கடவுச்சீட்டோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சம்பளத்தில் தருவதை வாங்கலாம். குடியுரிமை மாறியவர் தருவது சட்டப்படி வெளிநாட்டுப் பங்களிப்பு. அதற்கு உள்துறை அமைச்சகப் பதிவும், டில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் வேண்டும். நமக்கு இரண்டும் இல்லை. “என் பாட்டையா தோண்டிய ஊருணிக்கு நான் வெளிநாட்டானா?” என்று அவர் கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. திறப்பு நாளில் வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தியில் சாம்பார் பரிமாறினார்.

அவர் கேள்வியின் மறுபாதியை நாங்களும் இந்த வேலையில்தான் புரிந்துகொண்டோம். வெட்டியவர்கள் நம் முன்னோர். படி கட்டியவர்கள் அவர்கள். ஊருணிக் காவலுக்குச் சம்பளம் கொடுத்தவர்களும் அவர்கள்தான். ஆனால் வருவாய்த் துறையின் ‘அ’ பதிவேட்டில் அது ஊருணிப் புறம்போக்கு. நம் பெயரில் ஒரு சென்ட்கூட இல்லை. ஆகவே ஒரு கூடை மண் எடுப்பதற்கும் கிராம சபைத் தீர்மானம், ஊராட்சியின் ஒப்புதல், மேலே மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி எல்லாம் வேண்டும். 2024 அக்டோபர் 2 கிராம சபையில் தீர்மானம் வைத்தோம். நம்மில் பலர் ஆயுளில் முதல்முறையாகக் கிராம சபைக்கு வந்தது அன்றுதான். ஆண்டுக்கு நான்காக இருந்த கூட்டங்களை 2022-இல் ஆறாக்கியிருக்கிறார்கள். ஆறில் ஒன்றுக்காவது போகலாம்.

அதற்கு முன் ஊராட்சித் தலைவரைப் பார்க்கப் போன அன்று நடந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். தெரு வடிகாலைச் சரி செய்து தாருங்கள், ஊருணிக்கரைக்கு நான்கு விளக்குப் போடுங்கள் என்று மனு கொடுத்தோம். அந்த அம்மா மனுவைப் படித்துவிட்டு, அலமாரியிலிருந்து கேட்பு வசூல் நிலுவைப் பதிவேட்டை எடுத்து எங்கள் முன் விரித்தார். வீட்டு வரி. சிவன் கோயில் தெருவில் 23 கதவிலக்கங்களுக்கு நேரே வசூல் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. எல்லாம் இரண்டு தெருவுக்கு வாசல் வைத்த, பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கிற வீடுகள். பதினேழாவது வரியில் குழு உறுப்பினர் ஒருவரின் வீட்டு இலக்கம் இருந்தது. “விளக்கு போடுகிறேன் ஐயா. மின்கட்டணம் எதிலிருந்து கட்டட்டும்?” என்று அவர் கேட்டது கோபமாக இல்லை, அதுதான் அதிகம் சுட்டது.

ஊராட்சிக்குத் தன் கையால் வருகிற பணம் வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்ற சிலதான். மற்றது மானியம். 2026 மார்ச் வரையான 15-வது நிதிக்குழு மானியத்தில் அறுபது விழுக்காடு குடிநீர், மழைநீர் சேகரிப்பு, சுகாதாரம் ஆகியவற்றுக்கே என்ற நிபந்தனையோடு வந்தது. அதை எடுத்துத் தெருவிளக்குக்குச் செலவிட முடியாது. ஆனால் மழைநீர் சேகரிப்பு என்ற சொல் நமக்கு வழி திறந்தது. நம் வீடுகளின் ஓட்டுத் தண்ணீர் வளவு முற்றத்தில் விழுந்து, கல்வாய்க்கால் வழியே தெரு வடிகாலுக்கும், அங்கிருந்து ஊருணிக்கும் போகும்படி கட்டிய ஊர் இது. அந்த வடிகால்களைத் தூர் வாரிச் சரிவு பார்க்கும் வேலையை ஊராட்சி அந்தப் பகுதி நிதியில் எடுத்துக்கொண்டது. இன்று அந்த வடிகாலில் குளியலறைத் தண்ணீரும் கலக்கிறது என்பதால், 31 வீட்டு வாசலில் உறிஞ்சுகுழியும் போட்டார்கள். இவை ஊராட்சிக் கணக்கில் உள்ளவை, நம் கணக்கில் தேட வேண்டாம்.

இடையில் 2025 ஜனவரியில் ஊராட்சிமன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, பொறுப்பு தனி அலுவலரிடம் போனது. காசோலையில் கையெழுத்துப் போட்டுவந்த தலைவரும் துணைத்தலைவரும் ஒரே நாளில் முன்னாள் ஆனார்கள். வடிகால் வேலை பாதியில் இரண்டு மாதம் நின்றது. பள்ளத்தில் விழுந்து பால்காரரின் சைக்கிள் சக்கரம் நெளிந்ததுதான் மிச்சம்.

இனி இடம். பணம் கேட்டால் கொடுத்த ஊர், இடம் என்றதும் முகம் மாறியது. திருப்பணி நடந்த பதினெட்டு மாதத்தில் ஊருணியைச் சுற்றியுள்ள இடம் குறித்து எங்களிடம் வந்த விண்ணப்பங்கள் ஏழு. எங்களுக்கு அதிகாரம் ஏதும் இல்லை என்று ஒவ்வொருவரிடமும் சொன்னோம். கட்டட அனுமதி தருவது நாம் அல்ல. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட இப்போது சுயசான்று கொடுத்து இணையத்திலேயே உடனடி அனுமதி பெறலாம். மனைப்பிரிவு என்றால் நகர் ஊரமைப்பு அலுவலகமும் ஊராட்சியும். இருந்தாலும் முதலில் நம்மிடம் வருகிறார்கள். அது மரியாதையா, பின்னால் எதிர்ப்பு வராமல் இருக்க முன்னேற்பாடா என்று நான் ஆராயவில்லை.

ஏழில் ஐந்து சிறியவை, பேசித் தீர்ந்தன. ஒன்று கிழக்குக் கரையில் ஆறு கடைகள் கட்டி வாடகைக்கு விடலாம் என்பது. இதைக் கொண்டுவந்தது வெளியார் அல்ல, நம் குழுவே. மாத வாடகையில் ஊருணிப் பராமரிப்பு நடக்கும், பின்னால் யாரிடமும் வரி கேட்க வேண்டாம் என்று கணக்குப் போட்டோம். வரைபடம்கூடப் போட்டாகிவிட்டது. நானும் ஆதரித்தேன். எதற்கும் அளந்துவிடலாம் என்று குழுத் தலைவர் அண்ணன் சொன்னதால் நில அளவருக்குப் பணம் கட்டினோம்.

அளவர் புலப்படத்தை விரித்து வைத்துக்கொண்டு தென்கிழக்கு மூலைக்கல்லைத் தேடினார். அரை நாள் கிடைக்கவில்லை. கடைசியில் விடுதிக் காவல்காரரின் மனைவி, “கிணற்றடித் துவைகல்லுக்கு அடியில் தலையில் குறி வெட்டிய கல் ஒன்று இருக்கிறது, அதுவா?” என்று கேட்டார். அதுதான். துவைகல்லைப் புரட்டினால் எல்லைக்கல் சோப்பு நுரையோடு நின்றது. அங்கிருந்து அளந்தபோது, கடை கட்ட நினைத்த இடத்தில் பதினோரு அடி ஊருணிக்குள் இருந்தது. அதோடு முடியவில்லை. நகர விடுதியின் பின்சுவர் 62 அடி நீளத்துக்கு நான்கு அடி ஊருணிக்குள் நிற்கிறது என்றார். முப்பது ஆண்டுகளுக்கு முன் நம் பெரியவர்கள் கட்டிய சுவர் அது. ஊரார் ஆக்கிரமிப்பைப் பட்டியல் எடுக்கப் போன குழுவின் முதல் ஆக்கிரமிப்பு நாமே.

அன்று இரவு விடுதித் திண்ணையில் நடந்த கூட்டம் இந்த அறிக்கையின் எல்லாக் கூட்டங்களையும்விட நீண்டது. நான்கு அடிதானே, யாருக்குத் தெரியும் என்றவர்கள் இருந்தார்கள். இடித்தால் பெரியவர்கள் பெயருக்கு இழுக்கு என்றார் ஒருவர். நீர்நிலையை வேறு எதற்கும் மாற்றக் கூடாது என்று 2001-இலேயே உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது என்று வழக்கறிஞர் புள்ளி எடுத்துக் காட்டினார். வாக்கெடுக்கவில்லை. கடைசியில் சுவரைக் கட்டிய காலத்தில் காரியக்காரராக (நிர்வாகியாக) இருந்த பெரியவரே, “நான் கட்டினேன், நான் சொல்கிறேன், இடியுங்கள்” என்றார். அந்த 1,85,000 ரூபாய் அப்படி வந்த செலவு. மதிப்பீட்டில் இல்லாதது, ஆனால் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்த வரி.

சுவர் விழுந்த பிறகு ஊரில் பேசுவது எளிதாகிவிட்டது. வடகரையில் மாட்டுக்கொட்டகை போட்டிருந்தவர் நாங்கள் போவதற்குள் தானே பிரித்துவிட்டார். கரையில் பூக்கடை வைத்திருந்த அம்மாவுக்கு மட்டும் விடுதி முகப்பில், நம் சொந்த இடத்தில், ஆறடி ஒதுக்கிக் கொடுத்தோம், வாடகை இல்லை.

ஏழாவதுதான் பெரியது. வடக்கே வரத்துக்கால் பாய்கிற மூன்று ஏக்கர்த் தோப்பைப் பங்காளிகள் பதினான்கு பேர் சேர்ந்து விற்றுவிட்டார்கள். வாங்கியவர் மனைப்பிரிவு போட்டார். அவர் வரைபடத்தில் வரத்துக்கால் இருந்த இடத்தில் மனை எண் 9 முதல் 14 வரை இருந்தன. அந்தக் கால்வாய் பாதி தூரம் புறம்போக்கு, மீதி தூரம் பட்டா நிலத்தில் ஓடுகிறது. தோப்புக்குள் இருப்பது பட்டாவில். சட்டப்படி நமக்குப் பிடி குறைவு. விற்ற பங்காளிகளைக் கோபித்தும் பயன் இல்லை. அவர்களில் பாதிப்பேர் அந்தத் தோப்பைப் பார்த்ததே இல்லை.

நம் செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியக் களங்களின் தற்காலிகப் பட்டியலில் 2014 முதல் இருக்கிறது என்பதை மனுவில் எழுதலாம் என்று ஒருவர் சொன்னார். எழுதினோம். அதனால் ஒரு கூடை மண்ணும் நகரவில்லை. நகர்த்தியது வேறு ஒன்று. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஊராட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித் தர வேண்டும். வாங்கியவர் அந்த இடத்தைத் தெற்கு மூலையில், யாரும் வாங்காத பள்ளத்தில் காட்டியிருந்தார். அதை வரத்துக்கால் ஓரமாக நீளவாக்கில் மாற்றினால் அவருக்கு மனை எண்ணிக்கை ஒன்றுதான் குறைகிறது, ஊருக்குக் கால்வாய் மிஞ்சுகிறது என்று நம் பொறியாளர் புள்ளி தாளில் போட்டுக் காட்டினார். ஏறத்தாழ 23 சென்ட். முதலில் மறுத்தவர், ஊருணியில் தண்ணீர் நின்றால்தான் அவர் மனைகளின் ஆழ்துளைக் கிணற்றிலும் ஊறும் என்றதும் யோசித்தார். மூன்று மாதத்தில் வரைபடம் மாறியது. இப்போது பத்தடிக் கால்வாய் ஊராட்சியின் பெயரில் இருக்கிறது.

கட்டுமானம் பற்றிச் சுருக்கமாக. சிமெண்ட் வேண்டாம் என்பதால்தான், மக்கள் பங்களிப்போடு அரசு பணம் சேர்க்கும் ‘நமக்கு நாமே’ திட்டத்துக்கு விண்ணப்பிக்கவில்லை. அதற்குச் செம்புறாங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து மதிப்பீடு போட வைக்க முடியவில்லை. பழைய கல்லில் முக்கால் பங்கை மீண்டும் பயன்படுத்தினோம். கடுக்காயும் கருப்பட்டியும் ஊறவைத்த தண்ணீரில் சுண்ணாம்பு குழைத்த வாசனை தை முதல் வைகாசி வரை தெருவெல்லாம் இருந்தது. மேலே வந்த வண்டலை வட்டாட்சியர் அனுமதியோடு விவசாயிகள் எடுத்துக்கொண்டார்கள். தென்மேற்குப் படித்துறையில் நான்காம் படி சற்றுச் சரிந்திருக்கிறது. கொத்தனார் தையில் வந்து சரி செய்வார், கூலி கேட்கமாட்டார்.

நன்கொடையாளர் பெயரைப் படியில் பொறிக்கக் கேட்டவர்களுக்கு: படியில் கால் படும் என்பதால் இல்லை. விடுதிச் சுவரில் ஒரே கல், அகரவரிசை, தொகை கிடையாது.

ரசீதுப் புத்தகங்கள், நில அளவை வரைபடம், தானப்பத்திர நகல் எல்லாம் விடுதி அலுவலக அறையில் உள்ளன. தைப்பொங்கல் வரை காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வடக்கு மடையின் பலகைச் சாவி காவல்காரரிடம் ஒன்றும் பூக்கடை அம்மாவிடம் ஒன்றும் இருக்கிறது. இரவில் மழை வலுத்தால் முதல் அரை மணித் தண்ணீரைப் போக்குக்காலில் விட்டுவிட்டுப் பிறகுதான் பலகையைத் தூக்க வேண்டும் என்று இருவரிடமும் சொல்லியிருக்கிறோம். கார்த்திகை மழையன்று தூக்கியது அந்த அம்மாதான்.

திருப்பணிக் குழுவுக்காக,
செயலாளர்