மணல் ஊரில் கல்லேறும் வண்டி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பு மச்சானுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று வாசித்ததும் நிம்மதியாக இருந்தது. மகள் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவான செய்தியை வீட்டில் எல்லோருக்கும் உரத்து வாசித்துக் காட்டினேன். பிள்ளைக்கு எங்கள் வாழ்த்தைச் சொல்.

படத்தில் மாமியின் காலடியில் நிற்கும் ஜீப் என்ன என்று கேட்டிருந்தாய். அது ரிமோட்டில் ஓடும் கல்லேறி வண்டி. ராக் கிராலர் என்பார்கள். மகனுக்கு வாங்கியது என்று வெளியில் சொல்கிறோம். நான் எத்தனை காலமாக ஜீப் கனவு காண்கிறேன் என்று உனக்குத் தெரியும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள்; தனியார் வாகனங்களுக்கு வழி திறக்க 2025 பெப்ரவரி ஆகிவிட்டது. திறந்த பிறகு விலையையும் வரியையும் பார்த்தேன். உண்மை ஜீப்பின் 24இல் ஒரு பங்கு அளவில் ஒன்றை வாங்கிக்கொண்டேன்.

அக்சியல் என்ற அமெரிக்க நிறுவனத்தின் எஸ்சிஎக்ஸ்24, ஏறக்குறைய 20 சென்ரிமீற்றர் நீளம். மனைவியின் தம்பி டிராக்ஸஸ் நிறுவனத்தின் வண்டி ஒன்று வைத்திருக்கிறான். அது 18இல் ஒரு பங்கு, சற்றுப் பெரியது. இரண்டும் வேகமாக ஓடாது, அதுதான் விசேஷம். மோட்டாரின் சுழற்சியைப் பற்சில்லுகள் பல மடங்கு குறைத்து, வேகத்தைத் தின்று இழுவையாக மாற்றுகின்றன. நான்கு சில்லுகளும் இழுக்கும். ஒரே அச்சில் இருக்கும் இரு சில்லுகளும் பூட்டியபடி சேர்ந்தே சுழல்வதால், ஒன்று அந்தரத்தில் தொங்கினாலும் மற்றது கல்லைப் பற்றிக்கொள்ளும். வளைவில் மட்டும் இந்தப் பூட்டு எதிரியாகிவிடும். திரும்புவதற்கு அகலமான இடம் வேண்டும்.

ஏற்றத்தில் பாரம் பின்னுக்குச் சாய்ந்து வண்டி மல்லாந்துவிடும். அதனால் முன் அச்சில் பித்தளைப் பாகங்கள் பூட்டினோம். பாரம் எவ்வளவு தாழ்வாகவும் முன்னாலும் இருக்கிறதோ அவ்வளவு நல்லது. அந்தத் திருகாணிகள் அரிசிமணியை விடச் சிறியவை. எனக்குக் கண்ணும் இல்லை, பொறுமையும் இல்லை. தையல் மெஷினோடு பழகிய மனைவிதான் எங்கள் வீட்டு மெக்கானிக். சாவணத்தால் பிடித்துப் பூட்டிவிட்டு, நான் தொட வந்தால் கையைத் தட்டிவிடுகிறாள்.

ஆனால் உனக்கு எழுத வேண்டியது மாமியைப் பற்றி. அவர் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் பிறந்து வளர்ந்தவர், மாட்டு வண்டிலும் உழவு இயந்திரமும் சேற்றில் புதைந்து எழும்புவதைச் சிறு வயதிலிருந்தே பார்த்தவர். முதலில் இந்தச் சாமானைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒரு நாள் மகன் கல்லைச் சில்லுகளுக்கு நடுவில் விட்டுக் கடக்கப் பார்த்து, வண்டியின் வயிறு கல்லில் தட்டி நின்றுவிட்டான். திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர், “கல்லுக்கு மேலே சில்லை ஏற்று, நடுவில் விடாதே” என்றார். அவன் அப்படியே செய்தான், ஏறிவிட்டது. வெளிநாட்டுக் காணொளிகளில் மணிக்கணக்காக விளக்குவதும் அதைத்தான்!

அன்றிலிருந்து வழி சொல்வது அவர் வேலை. ரிமோட்டைத் தொடமாட்டார். ஊன்றுகோலை நீட்டி, “வலப்பக்கம், இன்னும் கொஞ்சம், பொறு” என்பார். அந்தப் “பொறு”வில்தான் எல்லாம் இருக்கிறது. மகன் விசையை அழுத்திப் பாய்ந்து கவிழ்வான். சின்னவள் அம்மம்மா சொல்லும்வரை விரலை அசைக்காமல் காத்திருந்து மெல்ல ஏற்றிவிடுவாள். பத்து வயதுப் பிள்ளையும் எழுபது தாண்டிய கிழவியும் சேர்ந்து எங்களைத் தோற்கடிக்கும் விளையாட்டு வேறு எதுவும் இந்த வீட்டில் இருந்ததில்லை.

ஈர்க்குகளைச் சோடி சோடியாக ஊன்றி வாயில்கள் வைக்கிறோம். வெளிநாட்டுப் போட்டிகளில் உள்ளதைப் போலவே, ஈர்க்கில் தட்டினால் 10 புள்ளி, பின்னுக்கு எடுத்தால் 1 புள்ளி, குறைவாக எடுத்தவர் வெற்றி. மாமி ஈர்க்கைக் கோலால் நகர்த்துகிறார் என்பது மனைவியின் நிரந்தரக் குற்றச்சாட்டு. பெற்ற தாய் மீதே வழக்கு!

எங்கள் கரைச்சல் கல்தான். இந்தக் கரையில் எங்கு தோண்டினாலும் மணல். அத்திவாரத்துக்கு வந்து மிஞ்சிய கருங்கல்லையும் தென்னங்குற்றிகளையும் முற்றத்தில் குவித்து மலை செய்தோம். கடற்கரைக்கு வண்டியைக் கொண்டுபோக மனைவி விடுவதில்லை. மணல் பற்சில்லுகளை அரிக்கும், உப்பு பெயரிங் போளைகளைத் துருப்பிடிக்கச் செய்யும் என்கிறாள், சரிதான். வாவித் தண்ணீரிலும் உப்பு உண்டு. நல்ல கல் வேண்டுமானால் உன்னிச்சைக் குளத்துப் பக்கம் போகிறோம். குளக்கட்டில் தண்ணீர்ப் பக்கம் அலைக்காக அடுக்கிய கற்கள் வண்டிக்குப் பெரிய மலைத்தொடர். சோற்றுப் பார்சலோடு போய், வெயில் தாழ்ந்த பிறகு ஓட்டுவோம். பற்றரி சிறியது, சீக்கிரம் இறங்கிவிடும். அதனால் மாற்றிப் போட வேறு பற்றரிகளும் கொண்டுபோகிறோம்.

இந்தப் பற்றரி விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பு. லித்தியம் பாலிமர் வகை, இரண்டு கலம். ஒரு கலம் 4.2 வோல்ற்றைத் தாண்டவும் கூடாது, 3 வோல்ற்றுக்குக் கீழே போகவும் கூடாது. வீங்கியதைத் திரும்பப் பாவிக்கக் கூடாது. சும்மா வைப்பதென்றால் 3.8 வோல்ற்றில் வைக்க வேண்டும். எல்லோரும் தூங்கும்போது சார்ஜ் போடவே கூடாது. மகன் இதற்கு ஒரு கொப்பி வைத்து எழுதுகிறான். பாடக் கொப்பிகள் அவ்வளவு சுத்தமாக இல்லை.

நீ இருப்பதோ திருகோணமலையில்! கடலுக்குள்ளேயே மலை நிற்கும் ஊர். ஓகஸ்ட் விடுமுறைக்கு நாங்கள் எல்லோரும் வருகிறோம், மாமியும் வருகிறார். கோணேசர் மலைப் பக்கம் வேண்டாம், சாமி இருக்கும் இடத்தில் விளையாட்டுச் சாமான் ஓட்டினால் மாமி என்னைத்தான் ஏசுவார். சனம் குறைந்த, நிழல் உள்ள, முழங்கால் உயரத்துக்கு மேற்படாத கற்கள் உள்ள இடமாக ஒன்றைப் பார்த்து வை. உன் காலுக்கும் அது சுகம், கதிரை போட்டு உட்கார்ந்தே ஓட்டலாம். வீட்டு விறாந்தையில், திரைச்சீலைக்குத் தள்ளி, சார்ஜர் போட ஒரு பிளக் இருக்கிறதா என்றும் எழுது.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் அன்பு.

உன் மச்சான்