காற்றில் மிதக்கும் உயிர்களையும் எண்ணுங்கள்: மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். மாலையில் கடற்கரைக்குக் காற்று வாங்கச் செல்லும் சென்னைவாசிகளில் நானும் ஒருவன். கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிப்பவன். அந்தக் காற்றில் உள்ள பாக்டீரியாக்களையும் பூஞ்சை வித்துகளையும் வாரியம் முறையாகக் கணக்கெடுக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

2009ஆம் ஆண்டின் தேசியக் காற்றுத் தர வரையறையில் உள்ள 12 மாசுகளில் உயிருள்ளது ஒன்றுகூட இல்லை. நுண்துகளை எடைபோடும் கருவிக்குச் சாலைப் புழுதியும் பூஞ்சை வித்தும் ஒன்றுதான். ஆனால் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேட்டஸ் என்ற பூஞ்சையின் வித்து 2 முதல் 3.5 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவே உடையது என்பதால் நுரையீரலின் காற்றறைகள் வரை இறங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களையும் காசநோயால் நுரையீரலில் குழி விழுந்தவர்களையும் அது கடுமையாகப் பாதிக்கக்கூடும். வெப்பத்தில் மக்கும் குப்பையில் செழிப்பது அதன் இயல்பு. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் பழைய குப்பையைக் கிளறிப் பிரிக்கும் பணியை இந்தக் கண்கொண்டும் பார்க்க வேண்டும்.

கடலோரத்தின் கதை வேறு. அலை உடையும்போது நீருக்குள் சிக்கும் காற்று, குமிழிகளாக மேலெழும் வழியில் பாக்டீரியாக்களை ஒட்டவைத்துக்கொண்டு வந்து வெடிக்கிறது. தெறித்த துளி உலர்ந்த பின் உப்போடு அவையும் மிதக்கின்றன. கடலுக்கே உரிய பாக்டீரியாக்கள் பெரும்பாலும் தீங்கற்றவை. ஆற்றோடு வரும் சாக்கடைதான் என் கவலை. அமெரிக்காவின் சான் டியாகோ அருகே, டிஹுவானா ஆற்றுக் கழிவு கலக்கும் இம்பீரியல் பீச்சில் எடுத்த காற்று மாதிரிகளில், பாக்டீரியாக்களில் முக்கால் பங்கு வரை அந்த ஆற்றிலிருந்து வந்தவை என 2023இல் வெளியான ஆய்வு காட்டியது. அடையாறும் கூவமும் கடலில் சேருமிடத்தில் மக்கள் குழந்தைகளோடு உட்காருகிறார்கள்.

சென்ற ஐப்பசியில் மழை ஓய்ந்த மறுநாள், அடையாற்று முகத்துவாரத்துக்கு அருகிலுள்ள நண்பர் வீட்டு மொட்டைமாடியில் ஓர் அகார் தட்டை (நுண்ணுயிர்களை வளர்க்கும் கூழ் பரப்பிய மூடித் தட்டு) அரைமணி நேரம் திறந்து வைத்தேன். மூன்றாம் நாள் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது வெண்ணெய்ப் பொட்டுகள் போலப் பாக்டீரியாத் திட்டுகள். நடுவே கரித்தூள் தூவியதுபோல ஒரு கறுப்புப் பூஞ்சை. எத்தனை என்று இங்கே எழுதவில்லை. தட்டில் தானாக விழுந்ததை வைத்து ஒரு கன மீட்டர் காற்றில் எத்தனை என்று சொல்ல இயலாது. விழுந்தவை நோய்க்கிருமிகள் என்றும் சொல்ல மாட்டேன்.

அந்த எண்ணிக்கையை அறிய, காற்றை அளந்து உறிஞ்சும் கருவி தேவை. ஆண்டர்சனின் ஆறடுக்குக் கருவி 1958 முதல் உள்ளது; நிமிடத்துக்கு 28.3 லிட்டர் காற்றை இழுத்து, துகள்களை அளவுவாரியாகப் பிரித்துத் தட்டுகளில் படியவைக்கும். தட்டில் வளர்பவை மொத்தத்தில் சிறு பகுதியே என்பதால் மரபணுச் சோதனையும் உடன் வேண்டும். இரு முகத்துவாரங்களிலும் கொடுங்கையூரிலும், ஒப்பிட உள்நகரில் ஓரிடத்திலும், கடற்காற்று வீசும் பிற்பகலிலும் தரைக்காற்று வீசும் விடியலிலும் ஓராண்டுக்கு மாதிரி எடுத்து, காற்றின் திசையோடு மாதந்தோறும் வெளியிட வேண்டுகிறேன். முகத்துவார மணல்மேட்டை வெட்டித் திறக்கும் நாள்களைத் தவறவிட வேண்டாம். தேங்கிய கழிவுநீர் மொத்தமாகக் கடலுக்குப் பாய்வது அப்போதுதான்.

இப்படிக்கு,
அடையாறு பகுதிவாசி ஒருவர்