16 இலை போட்டு உட்கார்ந்தவன்

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. உடனே பதில் போடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை, நான் நெட்டைப் பார்த்துக்கொள்கிற எங்கள் ஹாஸ்டல் பையன்கள். "அவனவன் தன் காரியத்தை மட்டும் பார்த்தால் இன்டர்நெட் எப்படி ஓடுகிறது?" என்று கேட்டிருந்தாயே, அதற்கும் அவர்களே பதில் சொல்லிவிட்டார்கள்.

இரவு பத்து மணிக்கு மேல் ஹாஸ்டலில் நெட் நகராது. ஒரே ஒரு அறைக்கு மட்டும் ஜாம் ஜாமென்று ஓடும். போய்ப் பார்த்தால், ஒரே ஃபைலை 16 துண்டாக்கி 16 கனெக்‌ஷனில் இழுத்துக்கொண்டிருக்கிறான் ஒருவன். பக்கத்து அறையில் இன்னொருவன் ஒற்றைக் கனெக்‌ஷனில் பாட வீடியோ பார்க்கத் திண்டாடுகிறான். டிசிபி (TCP), அதாவது கணினிகள் எவ்வளவு வேகத்தில் அனுப்பலாம் என்று பார்த்துக்கொள்ளும் நெட் விதிமுறை, ஏறக்குறைய சமமாகத்தான் பங்கு போடும். ஆனால் கனெக்‌ஷனுக்குக் கனெக்‌ஷன் சமம், ஆளுக்கு ஆள் இல்லை. இவர்கள் இருவர் மட்டும் என்றால் 17 பங்கில் 16 அவனுக்கு. கல்யாணப் பந்தியில் ஒருத்தனே 16 இலை போட்டு உட்கார்ந்த கதைதான். திட்டினேன். "நான் நிறுத்தினா மத்தவங்க இழுத்துக்கப் போறாங்க மேடம், எனக்கென்ன லாபம்?" என்றான். தனியாக ஒருத்தன் மட்டும் மாறினால் அவனுக்கு லாபமில்லை என்ற நிலை, அதாவது நீ போர்டில் அரை மணி நேரம் விளக்கும் நாஷ் சமநிலை, அதை ஒரே வரியில் முடித்துவிட்டான்!

பாக்கெட் (நெட்டில் தரவு போகும் சிறு பொட்டலம்) தொலைந்தால் 'நெரிசல் போலிருக்கிறது' என்று எடுத்துக்கொண்டு வேகத்தைச் சட்டென்று குறைப்பதும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுவதும்தான் டிசிபியின் பழக்கம். அப்படிச் செய்யாதவனைப் பிடித்து உள்ளே போட யாரும் கிடையாது. இந்தப் பழக்கம் வருவதற்கு முன்னால் என்ன ஆனது தெரியுமா? 1986 அக்டோபரில் அமெரிக்காவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் நடுவே, வெறும் 400 கஜ தூரத்தில், நொடிக்கு 32,000 பிட் போன இடத்தில் 40 பிட்தான் போனது. நொடிக்கு ஐந்து ஆங்கில எழுத்து! போன பாக்கெட் சேரவில்லை என்று கணினிகள் திரும்பத் திரும்ப அனுப்பி, வழியை அடைத்துக்கொண்டன. அதைப் பார்த்து அந்த ஆய்வகத்தின் வான் ஜேக்கப்சன் 1988-இல் வெளியிட்ட கட்டுரையில்தான் இந்த 'விட்டுக்கொடுக்கும்' முறை வந்தது.

ஆனால் என்னைக் காப்பாற்றியது ஜேக்கப்சன் இல்லை, ஜான் நேகிள் என்ற இன்னொரு கணினிப் பொறியாளர். 1985-லேயே அவர் இதை ஒரு விளையாட்டாகப் பார்த்துவிட்டார். எல்லாருக்கும் ஒரே வரிசை என்றால் அதிகம் அனுப்புகிறவனுக்குத்தான் லாபம். ஆளுக்கொரு வரிசை வைத்து, முறை போட்டு ஒவ்வொரு பாக்கெட்டாக எடுத்தால்? பேராசைக்காரன் தன் வரிசையைத்தான் நீளமாக்கிக்கொள்வான், அடுத்தவனுக்கு நஷ்டமில்லை. நோட்டீஸ் ஒட்டியும் வார்டனை விட்டு மிரட்டியும் நடக்காதது, கணினிக்கொரு வரிசை என்று வைத்த அன்று நடந்தது.

நடுவில் மேனேஜ்மென்ட்டிலிருந்து ஒருவர், "எதுக்கு இவ்வளவு? குறுக்கே இன்னொரு லைன் போட்டா போச்சு" என்றார். எங்கள் விஷயத்தில் அது கெடுதல் செய்திருக்காதுதான். இருந்தாலும், புது வழி போட்டால் எல்லாருக்கும் தாமதம் கூடவும் கூடும் என்று ஜெர்மன் கணிதர் டீட்ரிச் பிரைஸ் 1968-இல் எழுதியது எனக்கு ஞாபகம் வந்தது. உன் பிள்ளைகளுக்குக் கணக்காகவே கொடு. 100 பேர் போக இரண்டு வழி. ஒவ்வொன்றிலும் ஒரு குறுகலான துண்டு, ஒரு நீளமான துண்டு. ஒன்றில் குறுகல் முதலில் வரும், மற்றதில் கடைசியில். குறுகலில் எத்தனை பேரோ அத்தனை மில்லிசெகண்ட். நீளமானது எப்போதும் 110. பாதிப் பாதியாகப் பிரிந்தால் ஆளுக்கு 50 + 110 = 160. இப்போது நடுவில், நேரமே பிடிக்காத ஒரு குறுக்கு வழி போடு. குறுகலில் 100 பேரும் நுழைந்தால்கூட 100 தானே, 110-ஐ விடக் குறைவு என்று எல்லாரும் இரண்டு குறுகலிலும் புகுவார்கள். ஆளுக்கு 200! தனியாக ஒருத்தன் மாறினால் அவனுக்கு 210, அதனால் மாறவும் மாட்டான்.

1999-இல் கூட்சூப்பியாஸ், பாப்பதிமித்ரியூ என்ற கணினி அறிஞர்கள் இந்த நஷ்டத்தை அளக்க ஆரம்பித்தார்கள்: அவனவன் இஷ்டத்துக்குப் போனால் ஆகும் தாமதம், மிகச் சிறப்பாக வழிநடத்தினால் ஆவதைப்போல் எத்தனை மடங்கு என்று. இப்போது அதற்கு 'அராஜகத்தின் விலை' என்று பெயர். ராஜா இல்லாததற்குக் கொடுக்கும் விலை என்று நம் சொல்லிலேயே கச்சிதமாக வந்து உட்கார்ந்துவிடுகிறது பார். கூட்டம் கூடக் கூடத் தாமதம் நேர்கோட்டில் ஏறினால், எந்த வலைப்பின்னலிலும் அந்த விலை 4/3-ஐத் தாண்டாது என்று ரஃப்கார்டனும் தார்தோஷும் 2002-இல் வெளியான கட்டுரையில் நிரூபித்திருக்கிறார்கள். மேலே உள்ள கணக்கில், குறுக்கு வழியில் 10 பேரை மட்டும் விடுவதுதான் மிகச் சிறப்பு, சராசரி 159.5; ஆக விலை 200/159.5, அதாவது 5/4-ஐவிடத் துளி அதிகம். எனக்கு அந்த 4/3 மேல் பெரிய நம்பிக்கையில்லை. நிஜ ரூட்டரில் 90 சதவீதம் நிரம்பியபின் தாமதம் செங்குத்தாக எகிறும், அங்கே நேர்கோடு எங்கே இருக்கிறது? அதே கட்டுரையில் இன்னொன்று சொல்கிறார்கள், அதுதான் எனக்குப் பிடித்தது: தன்னிஷ்டத்துக்குப் போகிற கூட்டத்தின் மொத்தத் தாமதம், இரண்டு மடங்குக் கூட்டத்தை மிகச் சிறப்பாக வழிநடத்தினால் வரும் தாமதத்தைவிட அதிகமாகாது. தாமதம் நேர்கோட்டில் ஏறவேண்டும் என்ற நிபந்தனைகூட இதற்கு இல்லை. இதன் நிரூபணத்தை நேரில் வரும்போது நீதான் எனக்கு நிதானமாகச் சொல்லித்தர வேண்டும், இரண்டாம் பக்கத்திலேயே மாட்டிக்கொண்டேன்.

அப்புறம், அம்மாவுக்கு முழங்கால் வலி பரவாயில்லை. நீ அனுப்பிய தைலத்தைத்தான் தடவுகிறாள்.

நேற்று ராத்திரி கிராஃபைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நம்ம ஆள் 16-ஐ 32 ஆக்கிப் பார்த்திருக்கிறான். கோடு அசையவே இல்லை. கால் மணி நேரத்தில் அவனே ஒன்றுக்கு இறங்கிவிட்டான்.

அன்புடன்,
செல்வி