அமெரிக்க மருந்துக் கடைகளில் வேலை பார்க்கும் தமிழர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

மாத்திரைக் குப்பியில் 'ஒன்ஸ் எ டே' என்று லேபிள் ஒட்டுகிறோம். ஆங்கிலத்தில் அது தினம் ஒரு தடவை. ஸ்பானியம் மட்டுமே தெரிந்த நோயாளி 'ஒன்ஸ்' என்பதன் அதே எழுத்துகளைத் தன் மொழியில் படித்தால் 'ஓன்சே', அதாவது பதினொன்று. ரத்த அழுத்த மாத்திரை என்றால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்ப்யூட்டர்தான் மொழிபெயர்த்துத் தருகிறதே என்று நானும் நம்பியிருந்தேன். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருந்துக் கடைகளைப் பற்றி 2010இல் ஓர் ஆய்வு வந்தது. கம்ப்யூட்டர் தயாரித்த ஸ்பானிய லேபிள்களில் பாதி பிழையானவை. ஒரே லேபிளில் கொஞ்சம் ஸ்பானியம், கொஞ்சம் ஆங்கிலம். அப்படிக் கலந்த வரியில்தான் அந்த 'ஒன்ஸ்' இன்னும் ஆபத்து.

சிரப் என்றால் இன்னும் கவனம் வேண்டும். 'குச்சராதித்தா' சின்ன ஸ்பூன், 5 மில்லி. 'குச்சராதா' பெரிய ஸ்பூன், 15 மில்லி. விகுதி ஒன்று விட்டுப்போனால் குழந்தைக்கு மூன்று மடங்கு மருந்து போய்விடும். அளவுக் கோடு போட்ட சிரிஞ்சைக் கையில் கொடுத்து, எந்தக் கோடு வரை என்று காட்டிவிடுங்கள்.

ஒருநாள் ஓர் அம்மா நான் சொன்னதற்கெல்லாம் தலையாட்டினார். கூட வந்த ஒன்பது வயதுப் பையன்தான் மொழிபெயர்த்தான். கர்ப்பப்பை சம்பந்தமான மருந்து அது. பாதியில் நிறுத்திவிட்டுத் தரையைப் பார்த்தான். போனில் மொழிபெயர்ப்பாளரை நான் கூப்பிட்டிருக்க வேண்டும். வரிசை நீளமாக இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். அந்தப் பையனின் முகம் இன்னும் மறக்கவில்லை. நம் அம்மா இங்கே வந்தால் நாம் பக்கத்தில் நின்று எல்லாம் கேட்டுச் சொல்கிறோம். அந்த அம்மாவுக்கு இருந்தது அவன் மட்டும்தான்.

கலிஃபோர்னியாவில் 2016 முதல், நோயாளி கேட்டால் ஸ்பானியம் உட்பட ஐந்து மொழிகளில் உபயோகக் குறிப்பு கொடுத்தாக வேண்டும். கேட்டால்தான்! கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. அதனால் எந்த மாநிலத்தில் இருந்தாலும், எந்த மொழியில் வேண்டும் என்று நாமே முந்திக்கொண்டு கேட்போம்.

அப்புறம், "புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், யாரும் தலையாட்டத்தான் செய்வார்கள். 'கோமோ லா வா அ தொமார்?' என்று கேளுங்கள். இதை எப்படிச் சாப்பிடப் போகிறீர்கள் என்று அர்த்தம். பதில் புரியவில்லையா, வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் சரி, போனை எடுங்கள்.

அன்புடன்,
உங்களைப் போல் கவுன்டருக்குப் பின்னால் நிற்கும் ஒருத்தி