‘வண்டி கவிழ்ந்தது’

என் அப்பாவின் ஓய்வூதிய மேல்முறையீட்டை அடுத்து விசாரிக்கப்போகும் குழுவினருக்கு,

வணக்கம். திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு கடைமடைக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். 1981-இல் ராணுவத்தில் சேர்ந்து 1998-இல் ‘நாயக்’ பதவியில் ஓய்வு பெற்றவரின் மகள் நான். அப்பாவின் முதல் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்த கடிதம் போன மாதம் வந்தது. இடது காலில் 40 விழுக்காடு ஊனம், அது பணியால் வந்ததுதான் என்று ஒப்புக்கொள்கிறார்கள். ஆனால் போர்க்காயம் இல்லையாம். காரணம் ஒரே வரி: வாகனம் கவிழ்ந்த விபத்து.

1988-இல் அப்பா, இந்தியா இலங்கைக்கு அனுப்பி, அங்கே புலிகளோடு போரிட்ட அமைதிப்படையில் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருந்தார். ரோந்துக்குப் புறப்பட்ட லாரியின் அடியில் கண்ணிவெடி வெடித்தது. வண்டி கவிழ்ந்தது உண்மை. வெடித்ததால் கவிழ்ந்தது. காய அறிக்கை எழுதியவர் பின்பாதியை மட்டும் எழுதிவிட்டார்.

இத்தனை வருடம் ஏன் கேட்கவில்லை என்றும் கடிதத்தில் கேட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து கோடியக்கரை பக்கம். அங்கே கடலுக்கு அந்தப் புறம் யாழ்ப்பாணம். 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசி அணி சென்னையில் வந்து இறங்கியபோது முதல்வர் கலைஞரே வரவேற்கப் போகவில்லை. அந்தப் படையில் இருந்தேன் என்று இந்தக் கரையில் ஒரு தமிழன் வாய் திறந்து சொல்லக்கூடிய காலமா அது? நடவு வயலில் யாராவது “காலுக்கு என்னண்ணே?” என்று கேட்டால், “வண்டி கவுந்துடுச்சுப்பா” என்பார். எனக்கே என் கல்யாணத்துக்குப் பிறகுதான் கண்ணிவெடி என்று சொன்னார். ஊருக்குப் பயந்து அவர் சொன்ன அதே சொற்கள் உங்கள் கோப்பிலும் இருப்பதைப் பார்த்தபோது, கடிதத்தை மடித்து வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். அன்று இரவு சாப்பிடவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். அவரை அப்போது சேர்த்திருந்த ராணுவ மருத்துவமனையின் டிஸ்சார்ஜ் சீட்டில், கெண்டைக்காலிலிருந்து இரும்புத் துணுக்குகள் எடுக்கப்பட்டதாக எழுதியிருக்கிறது. போன வருடம் தஞ்சாவூரில் எடுத்த எக்ஸ்ரேயில் இன்னொரு துணுக்கு இன்னும் உள்ளேயே தெரிகிறது. வெறுமனே கவிழ்ந்த லாரி ஒரு மனிதனின் காலுக்குள் இரும்புத் துணுக்குகளை எப்படிச் செலுத்தும்? தள்ளுபடிக் கடிதத்தில் இந்தச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. பார்த்தார்களா என்பதே சந்தேகம்.

பாதுகாப்பு அமைச்சகத்தின் 31.1.2001 தேதியிட்ட ஆணை, படை நடவடிக்கை நடக்கும் பகுதிக்குப் போகும் வழியில் கண்ணிவெடியில் சிக்கியவரையும் போர்க்காயப் பிரிவில்தான் சேர்க்கிறது. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், நிரூபிக்கும் பொறுப்பு சிப்பாயுடையது இல்லை, நியாயமான சந்தேகம் இருந்தால் அதன் பலன் அவருக்கே என்றது. எங்கள் விஷயத்தில் தலைகீழாக நடந்திருக்கிறது.

பணத்தையும் மறைக்காமல் சொல்கிறேன். பணி முடித்து ஓய்வு பெற்றவருக்கு, நூறு விழுக்காடு ஊனம் என்றால், ஓய்வூதியத்தோடு ஊனத்துக்காகச் சேரும் சாதாரணத் தொகை கடைசிச் சம்பளத்தில் 30 விழுக்காடு. போர்க்காயம் என்றால் 60. எங்களுக்கு இருப்பது ஆறு மா நிலம், சுமார் இரண்டு ஏக்கர். சேற்றில் அந்தக் கால் புதைந்தால் அப்பாவால் இழுக்க முடியாது, அதனால் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். சம்பா நடவன்று வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். இருபது வருடமாக நான் பார்க்கும் காட்சி அது.

அடுத்து சென்னையில் ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருப்பது தெரியும். தேவைப்பட்டால் போவோம். ஆனால் ஒரு டிஸ்சார்ஜ் சீட்டை நீங்கள் எடுத்துப் படித்தாலே தீர்கிற விஷயத்துக்கு, இந்த வயதில் அவரை ஏன் அங்கே அலையவிட வேண்டும்?

சீட்டின் நகல், எக்ஸ்ரே இரண்டையும் மேல்முறையீட்டு மனுவோடு மறுபடி இணைத்திருக்கிறேன். மருத்துவக் குழு அவரை நேரில் பார்க்க வேண்டுமென்றால் சொல்லுங்கள், நானே கூட்டி வருகிறேன். தரைத்தளமாக இருந்தால் நல்லது. அவரால் படி ஏற முடியாது.

இப்படிக்கு,
ஒரு முன்னாள் படைவீரரின் மகள்