வேலை போனவரின் ஞாபக சக்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

முதுமையில் மூளையைச் சுறுசுறுப்பாக வைத்திருப்பது பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். குறுக்கெழுத்துப் புதிர், நடைப்பயிற்சி, நல்ல தூக்கம், நாலு பேரோடு பேச்சு என்று சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் ஐம்பதைத் தாண்டி வேலையை இழந்தவர்களைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. அவர்களில் நானும் ஒருவன் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு 54 வயதில் வேலை போனது. அதுவரை ஒரு கிடங்கின் இருப்புக் கணக்கு முழுவதும் என் தலையில் இருந்தது. எந்த அடுக்கில் எந்தச் சரக்கு, எத்தனை பெட்டி என்று ஏட்டைத் திறக்காமலே சொல்வேன். வீட்டில் உட்கார்ந்த ஏழாவது மாதம், உதவித்தொகை அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்று குளித்து, சட்டை மாட்டி, காகிதங்களை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். "இன்னைக்கு ஞாயிற்றுக்கிழமை" என்று மனைவி சொன்ன பிறகுதான் உறைத்தது. மறதி நோயோ என்று பயந்து மருத்துவரிடம் போனேன். அவர் சோதித்துவிட்டு, நோய் ஒன்றும் இல்லை, ராத்திரி தூங்குகிறீர்களா என்று கேட்டார். எங்கே தூங்குவது? படுத்தால் வாடகைக் கணக்குதான் ஓடும்.

இது என் ஒருவன் கதை இல்லை. ஆஸ்திரியாவில் மரியன்தால் என்ற ஆலை ஊர். 1930 வாக்கில் ஆலையை மூடியதும் ஊரே வேலை இழந்தது. மரி யஹோதா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே போய்ப் பார்த்து 1933இல் எழுதினார்கள். கை நிறைய நேரம் இருந்தும், ஊர் நூலகத்தில் கட்டணத்தை நீக்கிய பிறகும், அங்கே புத்தகம் எடுப்பது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. ஆண்கள் தெருவில் மெதுவாக நடந்து, அடிக்கடி நின்றார்கள். பெரும்பாலோர் கடிகாரம் வைத்துக்கொள்வதையே விட்டிருந்தார்கள். வீட்டு வேலை இருந்த பெண்கள்தான் வேகமாக நடந்தார்கள். அந்தப் பகுதியைப் படித்தபோது என் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்து, கொஞ்ச நேரம் மேலே படிக்க முடியவில்லை.

லான்செட் என்ற மருத்துவ இதழின் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மறதி நோய்க்கு வழிவிடும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சொல்கிறது. வேலையிழப்பு அதில் இல்லை. ஆனால் மனச்சோர்வு இருக்கிறது, தனிமை இருக்கிறது, கவனிக்காத ரத்த அழுத்தம் இருக்கிறது. வேலை போன வீட்டுக்குள் இவையெல்லாம் கூடவே வந்துவிடும். மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்ட மாதங்கள் எனக்கும் உண்டு.

பின்லாந்தில் 2017, 2018 ஆகிய இரண்டு வருடமும் வேலையில்லாத 2,000 பேருக்கு எந்த நிபந்தனையும் இல்லாமல் மாதம் 560 யூரோ கொடுத்துப் பார்த்தார்கள். வேலை கிடைத்தாலும் தொகை நிற்காது. இந்தத் திட்டத்தால் வேலைக்குப் போனவர் எண்ணிக்கை பெரிதாகக் கூடவில்லை என்பதையே எல்லோரும் பேசினார்கள். நான் குறித்துக்கொண்டது வேறு. தொகை பெற்றவர்கள், பெறாதவர்களைவிடத் தங்கள் ஞாபகமும் கவனமும் கற்கும் திறனும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள். மனத்தில் கொஞ்சம் இடம் காலியானால்தானே புதியது ஏதாவது உள்ளே போகும்!

ஆகவே, வேலையில்லாதோருக்கான உதவித்தொகையை ஏதோ பிச்சை மாதிரி பேசுவதை விட்டு, மூளை நலத்துக்கான செலவாகவும் பார்க்கச் சொல்லுங்கள். பணம் மட்டும் போதாது என்பதும் உண்மை. மரியன்தாலிலும் கொஞ்ச காலம் உதவிப்பணம் வந்துகொண்டுதான் இருந்தது. மனிதனுக்குப் போக ஓர் இடமும் செய்ய ஒரு காரியமும் வேண்டும். ஆனால் பல திட்டங்களில் முழுநேரப் படிப்பில் சேர்ந்தாலே தொகை நின்றுவிடுகிறது. ஒரு நூலகத்தில் பழைய பதிவேடுகளை ஒழுங்குபடுத்தும் பகுதிநேர வேலை என்னைத் தேடி வந்தது. தொகையை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்தில் நான்கு மாதம் தள்ளிப்போட்டேன். அப்புறம் துணிந்து சேர்ந்தேன். மூன்றே மாதத்தில் அடுக்கு எண்கள் மறுபடி தலைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டன.

இதன் தொடர்ச்சியாக ஒரு கட்டுரை போடுங்கள். எந்த உதவியோடு எதைப் படிக்கலாம், எவ்வளவு நேரம் வேலை பார்த்தால் தொகை குறையும், யாரிடம் கேட்க வேண்டும் என்று விவரமாக எழுதுங்கள். இன்று காலை என்ன கிழமை என்று தெரியாமல் எழுந்த ஒருவர் கையில் அது கிடைக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்